கொடுத்தது யார்?

லெந்து காலம் தொடங்கி இரண்டாவது வாரம் சேகரகுருவிடமிருந்து போன் வரும். "சார், இந்த வருஷம் உங்களுக்கு அஞ்சாவது வார்த்தை." அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்று என் பங்குக்கு வரும். பெரிய வெள்ளியன்று பகல் 12 மணி முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் அதைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும். நான் குருவானவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில் நான் ஒரு சபையார், அவ்வளவே.

ஏழு வார்த்தைகளையும் ஒரே சுவிசேஷத்தில் தேடினால் கிடைக்காது. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் பொதுவாக ஒன்று. இவற்றைக் கோத்து மூன்று மணி நேரத் தியானமாக நடத்தும் வழக்கம் பெரு நாட்டு லிமா நகரில், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குருவால் தொடங்கியது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போனது. காதிஸ் நகரத்தில் இந்தத் தியானத்துக்காகவே இசையமைப்பாளர் ஹைடன் 1780களில் வார்த்தைக்கு ஒன்றாக ஏழு இசைப் பகுதிகள் எழுதிக்கொடுத்தார். சபைப் பிரிவுகளையெல்லாம் தாண்டி வந்த அந்த வழக்கம்தான் எங்கள் ஊரில், சித்திரை வெயில் தொடங்கும் நேரத்தில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கு முன்னால் நடக்கிறது. குருவானவர் ஒரு வார்த்தை, உபதேசியார் ஒன்று, பெண்கள் சங்கத்தில் ஒருவர், வாலிபரில் ஒருவர் என்று பங்கு பிரிப்பார்கள்.

இந்த இருபது நிமிஷத்தை எப்படித் தயாரிப்பது என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அதனால் அவற்றையே சொல்கிறேன்.

முதல் தப்பு ஒரு கதை. பிரசங்கப் புத்தகங்களில் அடிக்கடி வரும். ஒருவன் ரயில் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலைக்காரன். பாலம் தூக்கியிருக்கிறது. ரயில் வருகிறது. பாலத்தை இறக்கப் போனால், கீழே பல்சக்கரங்களுக்கு இடையில் அவன் மகன் விழுந்து கிடக்கிறான். மகனை எடுக்க நேரமில்லை. அப்பன் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறான். மகன் நசுங்குகிறான். ரயிலில் இருந்தவர்கள் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். பிதாவின் அன்பு இப்படிப்பட்டது என்று கதையை முடிப்பார்கள்.

நான் அதைப் பாம்பன் பாலம் என்று மாற்றிச் சொன்னேன். நம்மூர்ப் பாலம் என்றால் மனசில் நிற்கும் என்று ஒரு கணக்கு. கோயில் முழுக்க விசும்பல். கீழே இறங்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. வாசலில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பாம்பன்ல அந்தப் பழைய பாலத்தைத் தூக்க ஒத்த ஆளு பத்தாது. ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையால சுத்தணும்." 1914இல் திறந்த பாலம் அது. அவர் சொன்னது சரி. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அது சின்ன அடி. பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. கஞ்சியை ஊற்றிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "எல்லாரும் அழுதாவ, சரிதான். அந்தப் பயல்ட்ட யாராவது கேட்டாவளா?"

"எந்தப் பயல்?"

"சக்கரத்துல கெடந்த பயல். அவனுக்கு ரயில் வாரது தெரியுமா, அப்பன் இழுக்கப் போறது தெரியுமா? கேக்காம பிள்ளையக் கொன்னுட்டு அதுக்கு அன்புன்னு பேரு வச்சா எப்படி? நம்ம ஆண்டவரு அப்படியா செத்தாரு?"

கஞ்சி ஆறிப்போகும்வரை நான் அவளுக்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோயிலில் எல்லாரும் அழுதது நசுங்கின ஒரு பையனுக்காக. அந்தக் கண்ணீருக்கும் கொல்கொதாவுக்கும் சம்பந்தமே இல்லை. தம் உயிரை ஒருவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக யோவான் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். என் கதையில் அந்த ஒன்றுதான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

அடுத்த தப்பு அடகுக்கடை. தமிழாசிரியனுக்குச் சொல்லாராய்ச்சி ஒரு சபலம். நாங்கள் 'இரட்சிப்பு' என்கிறோம், கத்தோலிக்கர் 'மீட்பு' என்கிறார்கள். மீட்பு என்றால் நம்மூரில் எல்லாருக்கும் புரியும். ஆடி மாசம் அடகு வைத்த சங்கிலியை அறுப்பு முடிந்ததும் மீட்டு வருவது. மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வரும் கிரேக்கச் சொல் 'லூத்ரோன்'. அடிமையை, போரில் பிடிபட்டவனை விடுவிக்கக் கொடுக்கும் பணம். எவ்வளவு பொருத்தம் என்று அந்த வருஷம் அடகுக்கடையை வைத்தே இருபது நிமிஷத்தையும் ஓட்டினேன். நாம் பாவத்தில் மூழ்கின நகை, வட்டி ஏறிக்கொண்டே போகிறது, இயேசு தம் இரத்தத்தைக் கொடுத்து மீட்டார் என்று.

முடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு பாட்டி வந்தாள். "நல்லாச் சொன்னிய சாரே. ஒண்ணுதான் வெளங்கல. அந்த அடகுக்கடைக்காரன் யாரு? ரத்தத்தை வாங்கிக்கிட்டது யாரு?"

பிசாசு என்று சொல்ல வாய் வந்தது. அப்படியானால் கடவுள் பிசாசுக்குக் கடன்பட்டவர் ஆகிறார். பிதா என்று சொன்னால் பிதா வட்டிக்கடைக்காரர் ஆகிறார். "படிச்சிட்டு வந்து சொல்லுதேன் ஆச்சி" என்றேன். படித்த பிறகுதான் தெரிந்தது, பாட்டி கேட்ட அதே கேள்வியை 4ஆம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் கிரகோரி தம் ஈஸ்டர் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? கொள்ளைக்காரனான பிசாசுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பது வெட்கக்கேடு என்று அந்தப் பதிலைத் தள்ளுகிறார். பிதாவுக்கா? நம்மைப் பிடித்து வைத்திருந்தது அவர் இல்லையே. தவிர, ஆபிரகாம் ஈசாக்கைக் கொண்டுபோனபோதே அந்தப் பலியை வாங்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டினவர் தம் ஒரே குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று கேட்கிறார்.

இதைப் படித்த அன்று பாலத்துக் கதையும் அடகுக்கடைக் கதையும் ஒரே இடத்தில் ஓட்டையானவை என்று எனக்குப் புரிந்தது. ஒன்றில் அப்பன் மகனைக் கேட்காமல் கொடுக்கிறான். மற்றதில் யாரோ ஒருவன் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறான். வேதத்தில் கனம் முழுவதும் கொடுத்தவரின் மேல் இருக்கிறது. மாற்குவின் அந்த வசனத்திலும் அப்படித்தான். மனுஷகுமாரன் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்பதோடு வாக்கியம் நிற்கிறது. வாங்கினவன் யார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. உவமையை அது நிற்கும் இடத்துக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போனது நான்தான். மறுவருஷம் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அப்பம் சரி. கொடுத்தவர் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒரு பழக்கம். பிரசங்கக் குறிப்பெழுதும் காகிதத்தின் தலைப்பில் முதலில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்வேன்: கொடுத்தது யார்?

இந்தக் கேள்வியோடு பாடுகளின் கதையைத் திரும்பப் படித்தபோது தமிழ் வேதாகமம் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான். ஆசாரியர்கள் அவரைப் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்தார்கள். பிலாத்து அவரைச் சேவகரிடம் ஒப்புக்கொடுத்தான். கிரேக்கத்தில் இதெல்லாம் ஒரே வினைச்சொல்: 'பாரதிதோமி', கையளிப்பது. தமிழில் இரண்டு சொல்லானாலும் இரண்டுக்கும் அடியில் 'கொடு' இருக்கிறது. ஒரு பொருளைப்போல அவரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் சிலுவைக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கே, யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தில், தலையைச் சாய்த்துத் தம் ஆவியை அவரே ஒப்புக்கொடுக்கிறார். கிரேக்கத்திலும் அங்கே அதே சொல்தான். இத்தனை பேர் கொடுத்துக் கொடுத்து விளையாடின விளையாட்டில் கடைசிக் 'கொடு' அவருடையது. பள்ளிக்கூடத்தில் துணைவினை நடத்தும்போது 'கொடு' என்பதைப் பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இதைக் கண்டது பெரிய வெள்ளிக்குத் தயாரிக்கும்போதுதான்.

பிதா குமாரனை ஒப்புக்கொடுத்தார் என்றும் பவுல் எழுதுகிறார். உண்மை. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அதே பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, குமாரன் தம்மைத்தாமே கொடுத்தார் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்துகொண்டுதான் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். மேலே கோபத்தோடு ஒருவர், கீழே வலியோடு ஒருவர் என்று இரண்டு ஆளாகப் பிரித்தால் கதை பாம்பன் பாலத்துக்குப் போய்விடும். பிதாவும் குமாரனும் ஒரே மனசு. வலி அந்த மனசுக்குள்ளேதான் நடந்தது. சபைக்கு இதைச் சொல்லாமல் பலி, இரத்தம், தண்டனை என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் கடவுளுக்குப் பயந்து வீடு போவார்கள்.

பாலத்துக் கதையை விட்டபின் அந்த இடத்தில் வேறு எதை வைப்பது? கற்பனை இல்லாத ஒன்று வேண்டும் என்று தேடி, மக்சிமிலியன் கொல்பேயை எடுத்தேன். போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் குரு. 1941 ஜூலைக் கடைசியில், ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சிசெக் கயோவ்னிசெக் என்ற கைதி, மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். வரிசையிலிருந்து கொல்பே வெளியே வந்து, இவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகும் பட்டினி அறையில் உயிரோடிருந்த நால்வரில் அவர் ஒருவர். ஆகஸ்ட் 14ஆம் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். 1982 அக்டோபர் 10ஆம் தேதி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, கயோவ்னிசெக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். 1995 வரை உயிரோடிருந்தார்.

இங்கே என் கேள்விக்கு நேரான பதில் உண்டு. கொடுத்தது கொல்பே. யாரும் அவரைத் தள்ளவில்லை. வரிசையை விட்டு எடுத்து வைத்த அந்த ஓர் அடியில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நல்ல உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சபைக்குக் காட்டிவிட வேண்டும். கயோவ்னிசெக் கொல்பேக்குப் பகைவர் இல்லை. பரிதாபத்துக்குரிய உடன் கைதி. நல்லவனுக்காக ஒருவேளை யாராவது சாகத் துணியலாம், நாம் பகைவராயிருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பது பவுலின் வாதம். கொல்பே அந்த முகாம் அதிகாரிக்காகச் செத்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லி, அங்கே நிறுத்துவேன். கோயில் அமைதியாகிவிடும். பாலத்துக் கதைக்கு வந்த விசும்பல் இதற்கு வராது. வராததே நல்லது.

அழவைப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. சவுக்கடி, ஆணி, இரத்தம் என்று விவரிப்பதில் நம் பிரசங்கிகளுக்கு ஒரு ருசி. 1968இல் எருசலேமின் வடகிழக்கில், சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. ஆணியின் நீளம் 11.5 சென்டிமீட்டர். முனை வளைந்திருந்தது. அதன் படத்தை ஒருமுறை பார்த்தவன் அந்த மரணத்தைப் பற்றி வாய்ஜாலம் பண்ண மாட்டான். மாற்கு எப்படி எழுதுகிறார் பாருங்கள். அவரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதற்குக் கிரேக்கத்தில் இரண்டே சொல். ஆணி என்ற சொல்கூட அங்கே இல்லை. அவர் எழுதினதைப் படித்தவர்கள் பலரும் அந்தச் சாவைத் தெருவோரத்தில் நேரிலே பார்த்தவர்கள். விவரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நமக்கு அவசியம் இருந்தாலும், அளவு வேண்டும்.

அளவு வேறு, அவசரம் வேறு. பனியனின் மோட்சப் பிரயாணத்தில் கிறிஸ்தியான் சிலுவைக்கு முன்னால் வருகிறான், முதுகுச்சுமை உருண்டு விழுகிறது, சில வரிகளில் நடை தொடர்கிறது. அந்தக் கதையை வைத்து இரட்சணிய யாத்திரிகம் பாடிய எங்கள் நெல்லைச்சீமைக் கிருஷ்ணபிள்ளை அங்கே அப்படிக் கடந்துபோகவில்லை. பனியனிடம் இல்லாத இரட்சணிய சரித படலத்தை வைத்து, பாடுகளை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். 1894இல் அது நூலாக வந்தது. சிலுவைக்கு முன்னால் நின்று நிதானிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

கடைசித் தப்பை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு வருஷம், சிலுவையைச் சுமப்பது, சகிப்பது, அன்பு எல்லாவற்றையும் தாங்குவது என்று உருக்கமாகப் பேசினேன். மறுவாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. புருஷன் குடிகாரன். "நீங்க சொன்ன மாதிரியே பொறுத்துக்கிடுதேன் சாரே. எம் பிள்ளையளுக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்றாள்.

என் பிரசங்கம் அவளிடம் போய் இப்படி வேலை செய்திருக்கிறது. அவள் எதையும் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சிலுவை என்று பேர் வைத்துக்கொடுத்தது நான். இயேசு தம்மைத்தாமே கொடுத்தார். அவளையோ நாங்கள், வீடும் தெருவும் சபையுமாகச் சேர்ந்து, ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அது பிலாத்து செய்த வேலை. அன்று சாயங்காலமே நானும் மனைவியும் அவளையும் பிள்ளைகளையும் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த பெரிய வெள்ளியில், போன வருஷம் நான் சொன்னதில் பாதி தப்பு என்று சபைக்கு முன்னால் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

தியாக அன்பைப் பற்றிப் பேசுகிறவன் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தியாகம் தன்னிடமிருந்து தான் கொடுப்பது. அடுத்தவரிடம் கேட்டு வாங்குவதற்கு வேறு பேர். இரட்சிப்பு என்ற சொல்லிலும் இது இருக்கிறது. கிரேக்கத்தில் 'சோட்சோ' என்றால் காப்பாற்றுவது, சுகமாக்குவது இரண்டும்தான். பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண் சுகமானதையும் சுவிசேஷக்காரர்கள் அந்தச் சொல்லால்தான் எழுதுகிறார்கள். இரட்சிப்பு செத்தபின் திறக்கிற கதவு மட்டும் என்று நினைத்திருந்தால் என் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணை நான் ஜெபத்தோடு அவள் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டாவது வார்த்தையில் வருகிற கள்ளனைப் பாருங்கள். ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள்கூட இல்லை. தன்னை நினைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்கிறான். வாக்கு இன்றைக்கு என்று வருகிறது. அவனிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஐந்தாவது வார்த்தை. தாகம். ஏழிலும் சின்னது, யோவான் எழுதின கிரேக்கத்தில் ஒரே சொல். உடம்பைப் பற்றி அவர் சிலுவையில் சொன்னதும் இது ஒன்றுதான். மூன்றாம் முறையாக இதில் பேசப்போகிறேன். கிட்டத்தட்ட இரண்டு மணிக்கு என் முறை வரும். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கிடக்கும். எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்குக் கிடைத்ததைத் தமிழ் வேதாகமம் 'காடி' என்கிறது. புளிச்ச நீர். பழைய கஞ்சித் தண்ணீர் நாள்பட்டுப் புளித்தால் என்ன வாடை வரும் என்று எங்கள் சபையில் வயசானவர்களுக்குத் தெரியும். ரோமச் சேவகர் குடிக்கிற மலிவான புளிப்புப் பானம் அது. அவரைக் கொல்ல வந்தவர்கள் தங்களுக்காகக் கொண்டுவந்த பாத்திரம்.

முன்பெல்லாம் அந்தக் காடியைக் கொடுமையின் கணக்கில்தான் எழுதுவேன். இப்போது அங்கே எனக்கு வேறொன்றும் தெரிகிறது. எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருக்கிறவர், தம்மைக் கொல்கிறவர்களிடம் தாகம் என்று சொல்கிறார். அவர்கள் நீட்டினதை வாங்கிக்கொள்கிறார். சமாரியக் கிணற்றடியில் யாரோ ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர் அல்லவா. கொடுக்கிறவன் யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்று நிமிர்ந்து நின்றால் அது அகங்காரமாகிவிடும். அவர் அப்படி நிற்கவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. நாள் இருக்கிறது.

மூன்று மணிக்கு மணி அடித்ததும் பந்தலில் கஞ்சியும் காணத்துவையலும் உண்டு. அண்ணன் வீட்டுக்குப் போன அந்தப் பெண் இப்போது தையல் வேலை செய்கிறாள். கஞ்சி ஊற்றும் இடத்தில் அகப்பையோடு நிற்பவர்களில் அவளும் ஒருத்தி. யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவளாக வந்து நிற்கிறாள்.

சிலுவையைப் பற்றிப் பேச எழுந்து நிற்கப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். காகிதத்தின் மேலே அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லப்போகிற கதையில் கொடுத்தது வேறு யாரோ, சாவது வேறு யாரோ என்று வந்தால், சபை எவ்வளவு அழும் என்றாலும் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.